நுண்ணுயிரை வைத்து மருந்துப் பொருள் தயாரிப்பது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெனிசிலின் ஒரு பூஞ்சையின் பொருள். கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாடின் இன்னொரு பூஞ்சையிடமிருந்து வந்தது. உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்படும் ராபமைசின், ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா சுரந்தது. 1982ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலினை ஈ. கோலை பாக்டீரியா தயாரித்துக் கொடுத்தது. செடியின் பொருளையே ஈஸ்ட்டில் செய்ய முடியும் என்பதை மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் காட்டிவிட்டது. இந்தத் துறைக்குள் வர நினைக்கும் மாணவர்களுக்கும், வேதியியல் அல்லது பொறியியலிலிருந்து இந்தப் பக்கம் திரும்புகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்க்கும்போது ஜீனை வெட்டி ஒட்டுவதுதான் இங்கே பெரிய வேலை என்று தோன்றும். இன்றைக்கு அது ஓரளவு பழகிப்போன வேலை. ஜீனை எழுதி அனுப்பினால் செய்து தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. நேரத்தை விழுங்குவது வேறு இரண்டு வேலைகள். உண்டான பொருளைச் சரியாக அளப்பது ஒன்று. நாம் ஏற்றிய சுமையைச் செல் தாங்கும்படி எல்லாவற்றையும் சமன் செய்வது இன்னொன்று. கீழே வரும் படிகளில் இந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எந்த வழியில் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நுண்ணுயிரிலிருந்து மருந்து என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று தனி வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கருவியும் பயிற்சியும் வேறு.

முதல் வழி, நுண்ணுயிர் தானாகவே செய்யும் பொருளைக் கண்டுபிடித்து அதன் அளவைக் கூட்டுவது. பெனிசிலின் கதை இதற்குச் சரியான பாடம். அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதை 1928ல் கவனித்தார். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேல் அது மருந்தாக மாறவில்லை, காரணம் கிடைத்த அளவு அவ்வளவு சொற்பம். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகு, 1941ல் வேலை அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்துக்குப் போனது. சோளத்திலிருந்து மாவுச்சத்து எடுக்கும்போது மிஞ்சும் ஊறல் நீரை வளர் ஊடகத்தில் சேர்த்தார்கள், அளவு கூடியது. 1943ல் சந்தையிலிருந்து வந்த ஒரு முலாம்பழத்தின் மேலிருந்த பூஞ்சை இன்னும் அதிகமாகச் சுரந்தது. அதை எக்ஸ் கதிரிலும் புற ஊதாக் கதிரிலும் காட்டி, பிழைத்தவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜீன் பொறியியல் என்ற ஒன்றே அப்போது இல்லை. நல்ல ஊடகம், நல்ல ஸ்ட்ரெய்ன் (ஒரே இனத்துக்குள் தனிக் குணமுள்ள ஒரு வகை), நல்ல தொட்டி இவை மூன்றும் சேர்ந்தே அதைச் சாதித்தன. இன்றும் இந்த வரிசை மாறவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு இப்போது ஒரு புதிய வசதி உண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோயெலிகலர் என்ற மண் பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதி 2002ல் வெளியானது. சுமார் 87 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். அதில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஏதோ ஒரு பொருளைச் செய்வதற்கான ஜீன் கூட்டங்கள் இருந்தன. ஆய்வகத்தில் அதுவரை பார்த்திருந்த பொருள்களோ சில மட்டுமே. மற்றவை உறங்கிக்கொண்டிருக்கின்றன. ஆன்ட்டிஸ்மாஷ் என்ற இலவச இணையக் கருவியில் ஒரு மரபணுத் தொகுதியைக் கொடுத்தால், இப்படிப்பட்ட கூட்டங்களை அடையாளம் காட்டும். கணினி மட்டும் வைத்திருப்பவர்கள் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வழி, வேறு உயிரியின் ஜீன்களை எடுத்து ஈ. கோலையிலோ ஈஸ்ட்டிலோ வைத்து, அந்த உயிரியின் பொருளை அங்கே செய்ய வைப்பது. இன்சுலின் மாதிரிப் புரதங்களுக்கு ஒரு ஜீனோ இரண்டோ போதும். ஆர்ட்டிமிசினின் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு ஒரு முழு என்சைம் வரிசையே வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த வழியைப் பற்றியது.

மூன்றாவது வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொருளை முழுதாக நுண்ணுயிரிடம் விடாமல், வேதியியலுக்குக் கடினமான ஒரே ஒரு படியை மட்டும் அதனிடம் கொடுப்பது. 1952ல் அப்ஜான் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் மர்ரியும், ரைசோபஸ் என்ற பூஞ்சை புரோஜெஸ்டிரோனின் 11ஆவது கார்பனில் ஆக்சிஜனை ஒரே படியில் சேர்க்கிறது என்று காட்டினார்கள். 30க்கும் மேற்பட்ட வேதிப் படிகளில் செய்துகொண்டிருந்த கார்ட்டிசோன் அதன் பிறகு மலிவானது. உங்கள் பொருளுக்கு இந்த வழி போதுமென்றால் இதையே எடுங்கள். முழுப் பாதையையும் கட்டினால்தான் அறிவியல் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டாம் படி: கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுங்கள்

ஒரு காகிதமும் பேனாவும் போதும். மூன்று எண்கள் இந்தத் துறையை ஆள்கின்றன. ஒரு லிட்டரில் எவ்வளவு பொருள் சேர்கிறது என்பது டைட்டர். ஊட்டிய சர்க்கரையில் எத்தனை பங்கு பொருளாக மாறியது என்பது ஈட்டு விகிதம். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உண்டாகிறது என்பது வேகம்.

டைட்டர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு ஒப்பீடு. 2015ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா ஸ்மோல்கேயின் குழு, வலி நிவாரணி மருந்துகளுக்கு மூலப்பொருளான தீபெய்னைச் சர்க்கரையிலிருந்து ஈஸ்ட்டில் செய்து காட்டியது. அறிவியலாக அது ஒரு சாதனை. ஆனால் கிடைத்தது லிட்டருக்கு 6.4 மைக்ரோகிராம். ஒரு கிராம் வேண்டுமென்றால் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் வளர்க்க வேண்டும். 2013ல் வெளியான ஆர்ட்டிமிசினிக் அமில ஈஸ்ட் தந்ததோ லிட்டருக்கு 25 கிராம். அங்கே ஒரு கிராமுக்கு 40 மில்லிலிட்டர் போதும். இரண்டுமே "ஈஸ்ட்டில் மருந்து" என்ற ஒரே தலைப்பில்தான் செய்தியாகும். டைட்டரைப் பார்க்காமல் அந்தச் செய்தியைப் படிக்காதீர்கள்.

அதோடு போட்டியில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நித்தியகல்யாணிச் செடியில் வரும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் ஒரு கிராம் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது. இப்படிப்பட்ட பொருளுக்கு நுண்ணுயிர் வழி நியாயமானது. செடியிலேயே தாராளமாகக் கிடைக்கும் பொருளுக்கு அது நியாயமா என்று இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஆர்ட்டிமிசினினுக்கே அந்தச் சோதனை வந்தது. சனோஃபி நிறுவனம் 2013ல் இத்தாலியின் கரேசியோவில் ஈஸ்ட் வழியில் பெரிய அளவு உற்பத்தியைத் தொடங்கியது. கிலோவுக்கு 350 முதல் 400 டாலர் வரை விலை. அதே காலத்தில் செடி வழியில் கிடைத்த ஆர்ட்டிமிசினினின் விலை 250 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. சில ஆண்டுகளில் அந்த ஆலை கைமாறியது. அறிவியல் தோற்கவில்லை, ஆனால் விலை ஒத்துவரவில்லை. அந்தச் செடியைப் பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயிகளின் வருமானமும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: பாதையை எழுதிப் பாருங்கள்

செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளில் தொடங்கி, உங்கள் மருந்துப் பொருள் வரை ஒவ்வொரு என்சைமையும் எழுதுங்கள். கெக், மெட்டாசைக், யூனிப்ராட், பிரெண்டா ஆகிய தரவுத்தளங்கள் இதற்கு உதவும். ஒவ்வொரு படிக்கும் நான்கு கேள்விகள்: ஜீன் தெரியுமா? அந்த என்சைமுக்குத் துணைப் பொருள் எது? செல்லின் எந்தப் பகுதியில் அது வேலை செய்கிறது? இடையில் உண்டாகும் பொருள் செல்லுக்கு நஞ்சா?

ஒரு படியின் ஜீன் தெரியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். ஊமத்தை இனத்துச் செடிகளில் உள்ள ஸ்கோபோலமைனை 2020ல் ஈஸ்ட்டில் செய்தபோது, அதுவரை யாரும் அடையாளம் காணாத ஒரு என்சைமைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே அந்தப் பாதை முழுமையானது. புதியவர்கள் இப்படிப்பட்ட பாதையில் தொடங்க வேண்டாம். எல்லா ஜீன்களும் தெரிந்த, குறுகிய பாதையாக எடுங்கள்.

படிகளின் எண்ணிக்கையையும் எண்ணுங்கள். ஒவ்வொரு படியிலும் 80 சதவீதம் அடுத்ததற்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 10 படிகளுக்குப் பிறகு 11 சதவீதம் மிஞ்சும். 30 படிகளுக்குப் பிறகு மிஞ்சுவது 0.12 சதவீதம். 2022ல் வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் ஈஸ்ட்டில் செய்த குழு 30 என்சைம் படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. கடைசியில் இரு பாதிகளையும் இணைத்தது வேதியியல் முறையில். எளிதான படியை வேதியியலாளரிடம் விடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஆர்ட்டிமிசினினிலும் ஈஸ்ட் செய்வது ஆர்ட்டிமிசினிக் அமிலம் வரைதான். அதன் பிறகு ஒளியையும் ஆக்சிஜனையும் கொண்டு ஆலையில் முடிக்கிறார்கள்.

நான்காம் படி: எந்த உயிரி?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஈ. கோலை நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், கருவிகள் ஏராளம், பழகுவது எளிது. ஈஸ்ட் சுமார் 90 நிமிடம் எடுக்கும். ஆனால் செடிகளின் பாதைகளில் அடிக்கடி வரும், ஆக்சிஜனைச் சேர்க்கும் பி450 என்சைம்கள் சவ்வில் பதிந்து வேலை செய்பவை. அந்தச் சவ்வு அமைப்பு ஈஸ்ட்டில் இருக்கிறது, ஈ. கோலையில் இல்லை. உங்கள் பாதையில் பி450 இருந்தால் ஈஸ்ட் பக்கம் சாயுங்கள். நீளமான ஆன்ட்டிபயாட்டிக் ஜீன் கூட்டம் என்றால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. அது மெதுவாக, இழை இழையாக வளரும், பொறுமை வேண்டும்.

இரண்டு உயிரிகளைச் சேர்த்து வளர்ப்பதும் ஒரு வழி. 2015ல் எம்.ஐ.டி. குழு ஒன்று, புற்றுநோய் மருந்தான டாக்ஸாலின் முதல் பொருளை ஈ. கோலையிலும், அதில் ஆக்சிஜன் சேர்க்கும் அடுத்த படிகளை ஈஸ்ட்டிலும் வைத்தது. குளுக்கோஸ் கொடுத்தால் ஈஸ்ட் ஆல்கஹாலைக் கக்கி ஈ. கோலையைத் தடுத்தது. அதனால் சைலோஸ் சர்க்கரைக்கு மாறினார்கள். அதை ஈஸ்ட் உண்ணாது, ஈ. கோலை உண்டு அசிட்டேட்டை வெளியே விடும். அந்த அசிட்டேட்டை ஈஸ்ட் உண்ணும். இரண்டும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. ஆனால் முதல் திட்டமாக இதை எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: அளக்கும் முறையை முதலில் தயார் செய்யுங்கள்

ஜீனைத் தொடுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். செல்லில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே உங்கள் பொருள் மைக்ரோகிராம் அளவில் இருக்கும். அதைக் காண முடியாவிட்டால், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெரியாது.

தூய்மையான மாதிரிப் பொருள் கொஞ்சம் வாங்குங்கள். அதைத் தெரிந்த அளவுகளில் கரைத்து கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியிலோ, மூலக்கூறை நிறையால் அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலோ ஓட்டி, அளவுக்கும் சமிக்ஞைக்கும் இடையே ஒரு கோடு வரையுங்கள். அடுத்து, எந்த ஜீனும் சேர்க்காத செல்லை அரைத்து அதில் தெரிந்த அளவு மாதிரியைக் கலந்து, போட்டது திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பாதிதான் கிடைத்தால் பிரித்தெடுக்கும் முறையில் கோளாறு. இதைச் சரி செய்யாமல் மேலே போனால் பின்னால் வரும் எண்கள் எதையும் நம்ப முடியாது.

காற்றில் பறக்கும் பொருளாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆர்ட்டிமிசினினின் முன்னோடியான அமார்ஃபடயீன் ஆவியாகிப் போய்விடும். அதைப் பிடிக்க, வளர்ப்புக் குடுவையின் மேல் டோடெக்கேன் என்ற எண்ணெய்ப் படலத்தை மிதக்க விடுவார்கள். பொருள் அதில் கரைந்து தங்கும். அந்தப் படலத்திலிருந்து மாதிரி எடுத்தால் செல்லை உடைக்கவும் வேண்டியதில்லை.

ஆறாம் படி: முதல் பயிற்சிக்கு நிறமுள்ள பொருள்

இவ்வளவு சொன்ன பிறகு, கருவி இல்லாமல் தொடங்க முடியாதா என்ற கேள்வி வரும். முடியும். கண்ணுக்குத் தெரியும் நிறமுள்ள பொருளை எடுங்கள். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் இதற்கு மிகப் பொருத்தம். ஈ. கோலையில் அதற்குத் தேவையான மூலப்பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. சிஆர்டி-ஈ, சிஆர்டி-பி, சிஆர்டி-ஐ என்ற மூன்று ஜீன்களை மட்டும் சேர்த்தால் செல்கள் சிவப்பாகும். இந்த மூன்றும் உள்ள பிளாஸ்மிட்களை (செல்லுக்குள் ஜீனைக் கொண்டுசெல்லும் சிறு டி.என்.ஏ. வளையங்கள்) ஆட்ஜீன் போன்ற இலாப நோக்கற்ற களஞ்சியங்கள் ஆய்வகங்களுக்கு அனுப்பித் தருகின்றன. ஆர்ட்டிமிசினினும் டாக்ஸாலும் ஐந்து கார்பன் துண்டுகளை இணைத்து உண்டாகும் இதே ஐசோபிரினாய்டு குடும்பம் என்பதால், இங்கே கற்கும் பாடம் அங்கேயும் செல்லும்.

வேலை இப்படிப் போகும். தயார் நிலையில் உள்ள ஈ. கோலை செல்களைப் பனிக்கட்டியில் வைத்து பிளாஸ்மிட்டைச் சேர்க்கவும். 42 டிகிரி வெப்பத்தில் அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் வரை வைத்துத் திரும்பப் பனிக்கட்டிக்கு மாற்றவும். சத்துள்ள ஊடகத்தில் ஒரு மணி நேரம் தேற விட்டு, உரிய ஆன்ட்டிபயாட்டிக் உள்ள தட்டில் பரப்பி, 37 டிகிரியில் ஓர் இரவு வைக்கவும். வந்த புள்ளிகளில் சிலவற்றை எடுத்துக் குடுவையில், ஒளி படாமல், 30 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வளர்க்கவும். கூடவே வெறும் பிளாஸ்மிட் உள்ள செல்லையும் வளர்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டு வளர்ப்பு இல்லாத சோதனை சோதனையே இல்லை. ஒவ்வொன்றும் மூன்று குடுவைகள்.

அப்புறம் செல்களைச் சுழற்றிப் படிய வைத்து, அசிட்டோனில் பிரித்தெடுத்து, சுமார் 470 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கவும். செல் அடர்த்தியையும் தனியாக அளந்து, ஒரு கிராம் செல்லுக்கு எவ்வளவு லைக்கோபீன் என்று எழுதுங்கள். வளர்ச்சி கூடியதால் நிறம் கூடியதா, ஒவ்வொரு செல்லும் அதிகம் செய்ததா என்பதை இந்த எண் பிரித்துக் காட்டும்.

பாதுகாப்பு பற்றி இந்த இடத்தில் சொல்வது பொருத்தம். ஆய்வகத்துக்கென்றே பழக்கிய, நோய் உண்டாக்காத ஸ்ட்ரெய்ன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த வளர்ப்பு எதுவும் உயிரோடு வடிகாலுக்குப் போகக் கூடாது; உயர் அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம். மரபணு மாற்றிய உயிரியைக் கையாள உங்கள் நாட்டில் என்ன அனுமதி வேண்டுமோ அதை முதலில் வாங்குங்கள். நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு அதற்கு வழி சொல்லும். வீட்டில் தனியாகச் செய்யாமல், பொறுப்பாளர் இருக்கும் ஆய்வகத்தில் சேர்ந்து செய்யுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட போதைப் பொருள்களோடு தொடர்புள்ள பாதைகளுக்குத் தனி உரிமம் தேவை; அது பயிற்சிக்கான இடமே கிடையாது. இன்னொன்று, நீங்கள் செய்த எதையும் யாரும் சாப்பிடக் கூடாது. ஈ. கோலையின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் மிகச் சிறிய அளவில் இரத்தத்தில் கலந்தாலே காய்ச்சலும் அதிர்ச்சியும் வரும். மருந்து என்ற பெயர் பெறும் முன் ஒரு பொருள் கடக்கும் தூய்மைச் சோதனைகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல.

ஏழாம் படி: சமன் செய்வது

லைக்கோபீன் வந்துவிட்டது. அதிகமாக வேண்டும். முதலில் தோன்றும் யோசனை, எல்லா ஜீன்களையும் முழு வேகத்தில் ஓட விடுவது. இங்கேதான் பலருடைய திட்டம் நின்றுபோகிறது.

தலை மடையை முழுதாகத் திறந்துவிட்டு, கீழே வாய்க்கால் குறுகலாக இருந்தால் தண்ணீர் வழியில் உடைத்துக்கொண்டு போகும். செல்லிலும் அதேதான். ஈ. கோலையில் அமார்ஃபடயீன் செய்ய, அதற்கு மூலப்பொருள் தரும் ஈஸ்ட்டின் மெவலோனேட் பாதையை வைத்தபோது, பர்க்லியில் ஜே கீஸ்லிங்கின் குழு இதை நேராகச் சந்தித்தது. பாதையின் மேல்பகுதி வேகமாக ஓட, எச்.எம்.ஜி. கோஏ என்ற இடைப்பொருள் குவிந்தது, செல்கள் வளராமல் நின்றன. ஏன் என்று தேடியபோது, அந்தப் பொருள் செல்லின் கொழுப்பு அமிலத் தயாரிப்பைத் தடுக்கிறது என்று தெரிந்தது. அதை அடுத்த பொருளாக மாற்றும் என்சைமின் அளவைக் கூட்டியதும் செல்கள் மீண்டும் வளர்ந்தன.

டாக்ஸால் பாதையிலும் இதே பாடம். 2010ல் எம்.ஐ.டி.யில் கிரிகரி ஸ்டெஃபனோபொலஸின் குழு, பாதையை மேல்பகுதி, கீழ்பகுதி என இரண்டு தொகுதியாகப் பிரித்தது. ஒவ்வொன்றின் வலிமையையும் தனித்தனியாக மாற்றி, எந்தச் சேர்க்கை நன்றாக வருகிறது என்று தேடியது. மிக வலிமையான சேர்க்கை வெல்லவில்லை. நடுவில் ஒரு சமநிலையில், டாக்ஸாலின் முதல் பொருளான டாக்ஸாடயீன் லிட்டருக்குச் சுமார் 1 கிராம் வந்தது. சமநிலை தவறிய இடங்களில் இன்டோல் என்ற பக்கப்பொருள் சேர்ந்து உற்பத்தியைக் குறைத்தது.

இந்த முறையை உங்கள் லைக்கோபீன் செல்லிலேயே பழகலாம். மூலப்பொருளின் வரத்தைக் கூட்டும் டிஎக்ஸ்எஸ் என்ற ஜீனை, ஒரு செல்லுக்குச் சில பிரதிகள் மட்டும் இருக்கும் பிளாஸ்மிட்டிலும், நூற்றுக்கணக்கில் இருக்கும் பிளாஸ்மிட்டிலும் வைத்து ஒப்பிடுங்கள். அதிகப் பிரதி எப்போதும் அதிகப் பொருளைத் தராது. குறைந்த பிரதியில் செல் நன்றாக வளர்ந்து மொத்தத்தில் சமமாகவோ அதிகமாகவோ தருவதை ஆய்வுக் கட்டுரைகள் பதிவு செய்திருக்கின்றன. ஜீனை ஓடத் தொடங்க வைக்கும் டி.என்.ஏ. பகுதியான புரோமோட்டரின் வலிமை, புரதத்தைக் கட்டும் ரைபோசோம் பிணையும் இடம், ஜீனை இயக்கிவிடும் ஊக்கப் பொருளைச் சேர்க்கும் நேரம் எல்லாம் இதே வகைத் திருகுகள். ஒரு சமயத்தில் ஒன்றைத் திருப்புங்கள். எது காரணம் என்று சொல்ல முடியாத முன்னேற்றம் அடுத்த வாரம் காணாமல் போகும்.

இன்னொரு நல்ல பழக்கம், இறுதிப் பொருளோடு இடைப்பொருள்களையும் அளப்பது. எந்த இடைப்பொருள் குவிகிறதோ அதற்கு அடுத்த என்சைம்தான் குறுகலான இடம். ஊகித்து ஜீனை மாற்றுவதைவிட இது வேகமானது.

ஆர்ட்டிமிசினிக் அமிலத்தின் வளர்ச்சியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2006ல் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம். 2013ல் 25 கிராம். இடையில் நடந்தவற்றில் பி450 என்சைமுக்குத் துணையாக சைட்டோகுரோம் பி5 சேர்த்தது ஒன்று. பாதி வழியில் நின்ற ஆல்கஹாலை ஆல்டிஹைடாகவும், அதை அமிலமாகவும் மாற்ற, டிஹைட்ரஜனேஸ் என்ற வகை என்சைம்கள் இரண்டைச் செடியிலிருந்தே கொண்டுவந்தது இன்னொன்று. விளைந்த அமிலத்தை எண்ணெய்ப் படலத்தில் இழுத்துக்கொண்டது மற்றொன்று. ஒவ்வொன்றும் ஒரு குறுகலான இடத்தைக் கண்டுபிடித்து அகலப்படுத்திய வேலை.

எட்டாம் படி: குடுவையிலிருந்து தொட்டிக்கு

குடுவையில் வந்த எண், ஃபெர்மென்டர் என்ற பெரிய வளர்ப்புத் தொட்டியில் அப்படியே வராது. குடுவையில் ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாக நுழைகிறது. தொட்டியில் காற்றை அடியிலிருந்து குமிழிகளாக ஊதி, கலக்கி, கரைக்க வேண்டும். செல் அடர்த்தி கூடக் கூட ஆக்சிஜன் பற்றாக்குறை முதலில் தலைகாட்டும். கரைந்த ஆக்சிஜன், பி.எச்., வெப்பம் மூன்றையும் தொடர்ந்து பதிவு செய்யுங்கள்.

சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. அதிகச் சர்க்கரை பார்த்தால் ஈஸ்ட் ஆக்சிஜன் இருக்கும்போதே ஆல்கஹால் பக்கம் திரும்பும், ஈ. கோலை அசிட்டேட்டைக் கக்கும். இரண்டிலும் உங்கள் கார்பன் வீணாகும். சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டே போவதுதான் வழக்கம். ஆன்ட்டிபயாட்டிக்கை நம்பி பிளாஸ்மிட்டைத் தக்கவைப்பதும் பெரிய தொட்டியில் கட்டுப்படியாகாது. ஜீன்களைக் குரோமோசோமிலேயே பதித்துவிடுங்கள். ஈஸ்ட்டில், டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையை வைத்து இதைச் செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது.

சுமை தாங்காத செல்களுக்கு நடுவே, உங்கள் பாதையை எப்படியோ தொலைத்துவிட்ட ஒரு செல் வேகமாக வளரும். தலைமுறைகள் போகப் போக அதன் வம்சமே தொட்டியை நிரப்பும். அதனால் நல்ல ஸ்ட்ரெய்ன் கிடைத்த அன்றே கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் பல குப்பிகளாகச் சேமியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தையும் அந்தக் குப்பியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். குப்பியின் மேல் ஸ்ட்ரெய்ன் எண், தேதி, பெயர். அதே எண் குறிப்பேட்டிலும் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பிரித்தெடுப்பு

பொருள் செல்லுக்கு வெளியே வந்தால் செல்லை வடிகட்டி ஒதுக்கினால் பாதி வேலை முடிந்தது. உள்ளே தங்கினால் செல்லை உடைக்க வேண்டும், அதோடு செல்லின் எல்லாக் குப்பையும் கூடவே வரும். பல மருந்துகளில் மொத்தச் செலவின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. ஆகவே பொருளை வெளியே தள்ளும் கடத்திப் புரதம் ஒன்று கிடைக்குமா என்று பாதையை வடிவமைக்கும்போதே தேடுங்கள். கடைசியில் யோசிக்கும் விஷயமாக விடாதீர்கள்.

லைக்கோபீனுக்கு அடுத்து

சிஆர்டி-ஒய் என்ற இன்னொரு ஜீனைச் சேர்த்தால் லைக்கோபீன், வைட்டமின் ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டினாக மாறும், சிவப்பு ஆரஞ்சாகும். இப்போது இரண்டு பொருள்கள் கலந்திருப்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. எச்.பி.எல்.சி. கற்க இது நல்ல சமயம். அது கைவந்த பிறகு, அதே நான்கு ஜீன்களை ஈஸ்ட்டுக்கு ஏற்ற கோடான்களில் (புரதத்தின் ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள்) எழுதிக் குரோமோசோமில் பதித்துப் பாருங்கள். உயிரி மாறினால் எவ்வளவு மாறுகிறது என்று அளவோடு தெரியும். அடுத்து ஒரு பி450 உள்ள குறுகிய பாதை. பக்கத்தில் ஆய்வகம் இல்லாதவர்கள், மாணவர் அணிகள் கலந்துகொள்ளும் ஐஜெம் போட்டியின் பழைய திட்டப் பக்கங்களைப் படிக்கலாம். தோற்ற சோதனைகளைக்கூடப் பலர் அங்கே விரிவாக எழுதியிருக்கிறார்கள். கூடவே கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டு, ஈ. கோலையின் வளர்சிதை மாற்ற மாதிரியை கோப்ராபை என்ற இலவச நிரலில் ஓட்டி, எந்த ஜீனை நீக்கினால் லைக்கோபீன் பக்கம் கார்பன் திரும்பும் என்று கணித்து வையுங்கள். ஆய்வகத்தில் இடம் கிடைக்கும் நாளில் சோதித்துப் பார்க்க ஒரு பட்டியல் கையில் இருக்கும்.